மூன்று சொல் அதிகம்

அலுவலகத்தில் எனக்குக் கத்திரி என்று பெயர். நாளிதழின் குற்றச் செய்திப் பக்கத்துக்கு நான் துணையாசிரியர். நிருபர்கள் நீட்டி முழக்கி அனுப்புவதை வெட்டி, எட்டு வரியில் நிறுத்தி, தலைப்புப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு சொல் அதிகமாக இருந்தால் எனக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். அதைப் பொறுக்கிப் போட்டால்தான் அடுத்த வேலை ஓடும். இந்தக் குணத்தில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமையில் நெருப்பைத்தான் அள்ளிப் போட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. எந்தச் சொல்லை எப்போது போடுவது என்று நானே எழுதி வைத்தது. இரண்டு பேரும் ஓடிப்போனால் காதல். ஆணுக்கு மீசை நரைத்திருந்தால் சபலம். பெண் ஏமாந்து நின்றால் ஆசை வார்த்தை. யாராவது ஒருவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் கள்ளக்காதல். அதுவே வசதியான வீடு என்றால் நெருங்கிய நட்பு. பெண் முடியாது என்று சொல்லி, அதற்காக ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஒருதலைக் காதல். அன்பு என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் வேலை கிடையாது, அது ஆன்மிகப் பக்கத்துக்குப் போய்விடும். தாளின் கடைசி வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருப்பேன். பெண்ணின் விலாசத்தைப் போடக் கூடாது என்பது அந்த வரி.

காவல் நிலையங்களைச் சுற்றிவரும் எங்கள் நிருபருக்கு வானொலி என்று பெயர். வாய் மூடவே மாட்டார். ஒருநாள் ஒரு செய்தியைக் கொடுத்துவிட்டு, என் மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஏன் கத்திரி, அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்கு. அவன் பண்ணினதுக்கு எதுக்குக் காதல்னு பேரு?"

"ஒருதலைக் காதல்னா தலைப்புல கச்சிதமா உக்காரும். வேற சொல்லு இருந்தா குடுங்க, போடறேன்."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் அதையே போட்டு அனுப்பினேன்.

வீட்டில் அக்கா நான், தம்பி அவன், இரண்டே பேர்தான். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, எனக்கு இருபத்தொன்று. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்காமல் போனதற்கு என் வாய்தான் காரணம் என்று உறவில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. உள்ளறையில் உட்கார்ந்து, சட்டத்துக்கு ஏற்றபடி கண்ணாடியின் ஓரத்தைத் தேய்ப்பான். மயிரிழை அளவு தேய்ப்பான், மாட்டிப் பார்ப்பான், கழற்றித் திரும்பத் தேய்ப்பான். பொருந்தவில்லை என்று அவன் ஒன்றைத் தூக்கிப் போட்டதாகச் சரித்திரமே இல்லை என்று கடை முதலாளி என்னிடமே சொல்லியிருக்கிறார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று தெருவில் பேர்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பள்ளிக்கூடக் கட்டுரை தொடங்கி வேலைக்கு விண்ணப்பம் வரை, அவன் எதை எழுதினாலும் சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவான். நான் சிவப்புப் பேனாவால் திருத்தி, அதே இடத்தில் வைப்பேன். அவன் நல்ல பிரதி எடுத்துக்கொள்வான். பழைய தாளை நான் அலமாரியில் போட்டு வைப்பேன். அவன் ஐந்தாம் வகுப்பில் மழையைப் பற்றி எழுதியதுகூட இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலையில் டப்பாவுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. "உங்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு உங்கள் மேல் ஆசை. தவறாக நினைக்க வேண்டாம். உங்களுக்கு விருப்பம் இருந்தால் ஒருநாள் உட்கார்ந்து பேசலாமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. முப்பத்தொரு வயதில் பிள்ளைக்கு இப்போதுதான் விடிந்திருக்கிறது என்று நினைத்தேன். பேனாவை எடுத்தேன். ஆசை என்பதை அடித்துவிட்டுக் காதல் என்று போட்டேன். ஆசை மிட்டாயின் மேல்கூட வரும். 'தவறாக நினைக்க வேண்டாம்' என்பதை வெட்டினேன். 'உங்களுக்கு விருப்பம் இருந்தால்' என்பதையும் வெட்டினேன். பேசலாமா என்பதைப் பேச வேண்டும் என்று மாற்றினேன். விருப்பம் என்று வரும் வரிக்கு நேராக ஓரத்தில் எழுதினேன்: மூன்று சொல் அதிகம். கெஞ்சாதே, சொல்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவனைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருடா அவ?"

"எங்க கடைப் பக்கம்தான் வேலை பாக்குறாங்க."

"உன்னைப் பிடிக்குமா அவளுக்கு?"

"பிடிக்கும்க்கா. கொஞ்சம் கூச்சம்."

நம்பினேன். என் தம்பி சொன்னால் எனக்கு அது வேதவாக்கு.

பத்து நாள் கழித்து, பதில் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றான். "ஒண்ணு எழுதிட்டு உக்காந்துட்டா ஆச்சா? இன்னொண்ணு எழுதுடா. ஆம்பளப் பிள்ளை இப்பிடியா தொட்டாச்சிணுங்கி மாதிரி இருப்பான்?" என்று நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு என்று தாள் வந்தது. நாலாவது கடிதத்தில் "நீங்கள் இல்லாத நாள் எனக்கு நாளே இல்லை என்றுதான் தோன்றுகிறது" என்று எழுதியிருந்தான். 'என்றுதான் தோன்றுகிறது' வெட்டப்பட்டது. ஏழாவதில் "நீங்கள் எனக்கு மட்டும்தான்" என்று ஒரே வரி தனியாக நின்றது. அதற்குப் பக்கத்தில் நன்று என்று எழுதினேன். அவன் நடை நன்றாக இறுகி வந்திருந்தது. எனக்குத் திருத்த வேலையே குறைந்துவிட்டது.

அந்த வாரமே வானொலி ஒரு செய்தி சொன்னார். காதலிக்க மறுத்த பெண்ணின் வீட்டு வாசலில் பிடிபட்ட ஒருவன் சட்டைப் பையில் கடிதம் இருந்ததாம். "நீ எனக்கு மட்டும்தான்னு எழுதியிருக்கான் கத்திரி, போட்டுக்க," என்றார். போட்டுக்கொண்டேன். ஒருதலைக் காதல் விபரீதம் என்று தலைப்பும் கொடுத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டுத் தாளை வீட்டுக் கண்ணாலும் அலுவலகத் தாளை அலுவலகக் கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். வழக்கமான இடத்தில் ஏதோ வேலை நடக்கிறது என்று பூட்டிவிட்டார்கள். அதனால் தம்பி கடை இருக்கும் தெருவிலேயே உள்ள பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். காலை ஏழரை மணி, வெறும் வயிறு, எரிச்சல் வேறு. ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். கையில் ரப்பர்க் குழாயைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசியை எடுத்தாள். குப்பியில் ஒட்ட வேண்டிய சீட்டில் என் பெயரையும் விலாசத்தையும் படித்தாள். ஊசி அப்படியே நின்றது.

"மேடம், இந்த வீட்டுல கண்ணாடிக் கடைல வேலை பாக்குறவர் ஒருத்தர்..."

"என் தம்பிதான். தெரியுமா உனக்கு?"

அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த விநாடி எனக்குப் புரிந்துவிட்டது, இவள்தான் அவள் என்று. எனக்குச் சந்தோஷம், பாவி, சந்தோஷம்தான் வந்தது.

"நீதானாம்மா அது? ஏம்மா ஒரு பதில் போடக் கூடாதா? பிள்ளை எத்தனை நாளா..."

"அக்கா, கதவைச் சாத்திட்டு வரேன்," என்றாள்.

கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டு, அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தாள். ஒன்பது கடிதம். ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கள் வீட்டு விலாசம். முதல் மூன்று பிரித்திருந்தன. மற்றவை ஒட்டியபடியே இருந்தன.

"தொட்டாலே கை நடுங்குது, அதான் பிரிக்கல. போலீஸ்ல கேட்டா காட்டணுமேன்னு வெச்சிருக்கேன்."

அவள் வரிசையாகச் சொன்னாள், குரலை உயர்த்தாமல், மாத்திரை சாப்பிடும் நேரம் சொல்கிற மாதிரி. முதலில் அவன் நேரில் வந்து கேட்டிருக்கிறான். உங்களுக்கு விருப்பம் இருந்தால் பேசலாமா என்று. இல்லை என்று சொல்லியிருக்கிறாள். சரிங்க, மன்னிச்சுக்கங்க என்று போய்விட்டானாம். "நல்ல மனுஷன்னு நெனச்சேன்க்கா. அப்புறம் ஒரு வாரத்துல இந்த லெட்டர் வந்துச்சு. பேச வேண்டும்னு இருந்துச்சு. அவரா இவருன்னு ஆயிடுச்சு எனக்கு."

முதல் கடிதம் இங்கே மேஜையில் கிடந்ததாம். மூன்றாவது அவள் தங்கியிருந்த வீட்டு வாசலில். ஐந்தாவது பூட்டியிருந்த வண்டிப் பெட்டிக்குள். ஒன்பதாவது அவள் அறை ஜன்னலின் உள்பக்கம். அவள் அறை இரண்டாவது மாடி.

"நீ கம்ப்ளெயின்ட் குடுக்கலையாம்மா?"

"போனேன்க்கா. லவ் மேட்டராமான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன். லெட்டரை வாங்கிப் படிச்சாங்க. இவ்வளவு அழகா எழுதியிருக்கான், ரெண்டு வார்த்தை பேசிப் பார்க்கறதுதானேன்னு அனுப்பிட்டாங்க."

அந்த அழகு என்னுடையது. காற்புள்ளி உட்பட என்னுடையது. கையில் கட்டிய ரப்பர்க் குழாயை இரண்டு பேருமே அவிழ்க்க மறந்திருந்தோம், விரல் நீலம் பாரித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றப் போவதாகச் சொன்னாள். ஊரின் மறுகோடிக்கு. எந்த வீடு என்று அவள் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்று புதன்கிழமை.

வீட்டுக்கு வந்தேன். டப்பாவுக்கு அடியில் பத்தாவது தாள் இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றுகிறீர்கள். எங்கே என்று தெரியவில்லை. தெரிந்துகொள்வேன். நீங்கள் எனக்கு." அவ்வளவுதான். ஒரு சொல்கூட அதிகமில்லை. பேனாவை வைக்க இடமில்லை.

தம்பி குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டால் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவ மாட்டேன்னு சொன்னாளாடா, இல்லையா?"

"எவ?"

"ரத்தம் எடுக்குறவ. போய்ப் பாத்துட்டுத்தான் வரேன். மாட்டேன்னு சொன்னாளா?"

"முதல்ல சொன்னா."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒரு கறையும் இல்லை. "அதையும் வெட்டிட்டேன்க்கா. அதிகமாத் தெரிஞ்சுது."

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். பத்து வயதில், மழைக் கட்டுரையில் ஒரு வரியை அடித்ததற்குக் காரணம் சொன்னானே, அதே குரலில் சொன்னான். கெஞ்சினேன். திட்டினேன். உன்னைப் பெற்றவள் இருந்தால் இதற்கு ஒப்புவாளா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில், "நீதானக்கா சொன்ன, கெஞ்சாதேன்னு," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

வியாழக்கிழமை அலமாரியைத் திறந்து, சிவப்பு மை போட்ட ஒன்பது தாளையும், திருத்தாத பத்தாவதையும் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணையும் வானொலியையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். கூடப் பிறந்தவன் மேலேயே புகார் கொடுப்பது லேசில்லை. வானொலிகூட அன்றைக்குப் பேசவில்லை.

புகார்களை எழுதி வாங்கும் ரைட்டர் பதிவேட்டைத் திறந்தார். அந்தப் பெண் சொல்லச் சொல்ல எழுதினார். தகவல் அனுப்ப வேண்டும், இப்போது இருக்கும் விலாசம், போகப்போகும் விலாசம் இரண்டும் வேண்டும் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். சொல்லும்மா என்று தலையசைத்தேன். குனிந்து அவர் காதோடு சொன்னாள். பிறகு அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நானே அனுப்பி வைத்தேன். அவள் போனதும் ரைட்டர் பேனாவைத் தலைப்புக் கட்டத்தில் வைத்தார்.

"ஒருதலைக் காதல்னு போட்டுக்கறேன்."

"காதல்னு போடாதீங்க சார்."

"உங்க பேப்பர்ல அப்பிடித்தான மேடம் போடுறீங்க. நாங்க வேற என்னத்தைப் போட?"

வானொலி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ரைட்டர் அழுத்தமாக எழுதி அடியில் கோடு போட்டார்.

தம்பியை வரச் சொன்னார்கள். தேய்த்த சட்டையோடு வந்தான். எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். செய்தது தப்புதான் சார் என்றான். இவனைப் போயா என்கிற மாதிரி ரைட்டர் என்னைப் பார்த்தார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். "இனிமேல் மேற்படி பெண்ணைத் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று ஒரு வரி. அவ்வளவுதானாம்.

அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கத்திரி விழித்துக்கொண்டாள்.

"என்ன சார் இது, பொத்தாம்பொதுவா? தொந்தரவுன்னா என்ன? எந்த இடம்? நாளைக்கு நான் தொந்தரவே பண்ணலையேன்னு நழுவுவான். எங்கெங்க போகக் கூடாதுன்னு தெளிவா இருக்கணும். விவரம் இல்லாத செய்தி செய்தியே இல்ல."

"மேடம் சொல்றதும் சரிதான்," என்றார் ரைட்டர். பதிவேட்டைத் திருப்பினார். நிறுத்தி நிறுத்திப் படித்தார். பரிசோதனை நிலையம். இப்போதைய வீடு. பிறகு தெருவின் பெயர், கதவு எண், எத்தனாவது மாடி. தம்பி அழகான கையெழுத்தில் எழுதினான். ஒரே ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினான்.

"கதவு நம்பர் இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

"நம்பரைத் தெளிவா எழுதுடா," என்றேன் நான்.

மேலே குறிப்பிட்ட இடங்களுக்குப் போக மாட்டேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டான். ஒரு நகல் நிலையத்துக்கு, ஒன்று அவனுக்கு. வெளியே வந்ததும் எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. வானொலியின் தோளில் தட்டி, டீ வாங்கித் தருகிறேன் வாங்க என்றேன். அவரும் சிரித்தார். இருபத்திரண்டு வருடமாக விலாசம் வெட்டியவளும், இருபத்திரண்டு வருடமாக அதை எழுதிக் கொடுத்தவரும், இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தோம்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவன் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். முன்பைவிட அதிகமாகச் சாப்பிட்டான். எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளைக்கு மனம் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து வந்தேன். அவன் படுக்கை மடித்து வைத்திருந்தது. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒரு தாள். காவல் நிலைய நகல். என் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தியிருந்தான். தொந்தரவு செய்ய மாட்டேன் என்பதை வெட்டியிருந்தான். போக மாட்டேன் என்பதை வெட்டியிருந்தான். தன் பெயர், தேதி, பரிசோதனை நிலையம், பழைய வீடு எல்லாவற்றையும் வெட்டியிருந்தான். புதிய விலாசம் மட்டும் மிச்சம் இருந்தது.

ஐயோ என்று ஒருமுறை சொன்னேன். பிறகு அந்தத் தாளையே கையில் எடுத்துக்கொண்டு, இருந்த புடவையோடு தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். போகும் வழியில் காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். "எழுதிக் குடுத்திருக்கானேம்மா. மீறினா சொல்லுங்க, பார்த்துக்கலாம்," என்றார்கள். அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இல்லை, வானொலிக்குப் போட்டேன். "அரை மணி நேரத்துல ஆளைக் கூட்டிக்கிட்டு வரேன் கத்திரி," என்றார். அவர் குரலும் சரியில்லை.

தெரு அகலமாக, அமைதியாக இருந்தது. வீட்டு வாசலில் ஒரு சின்ன லாரி. இரண்டு பேர் கட்டிலின் கால்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்று, பார்த்து இறக்குங்கண்ணே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று எனக்கு அழுகை முட்டியது.

எதிர்ச்சாரியில், மூடிய கடையின் நிழலில், தம்பி தன் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை. கையைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. என்னிடம் வந்தாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"விலாசம் யாரு குடுத்தா?"

எட்டு வரிச் செய்தியில் எழுவாயை மறைக்க எனக்கு எத்தனை வழி தெரியும். அவன் எப்படியோ தெரிந்துகொண்டான் என்று சொல்லலாம். நிலையத்தில் தவறிவிட்டது என்று சொல்லலாம்.

"நான்தான்மா," என்றேன். "நான்தான் எழுத வெச்சேன். அந்த லெட்டர் எல்லாமும் நான் திருத்தினதுதான். விருப்பம் இருந்தால்னு அவன் எழுதினான். நான்தான் அதை வெட்டினேன்."

அவள் என்னை அடித்திருக்கலாம். என்னைப் பார்த்தாள், ரத்தம் எடுக்கும் முன் நரம்பைத் தேடுகிற மாதிரி. பிறகு திரும்பி லாரிப் பக்கம் போனாள்.

"திரும்ப ஏத்துங்கண்ணே."

"என்னம்மா, இப்பத்தானே இறக்கினோம். எங்க போகணும்?"

"ஏத்துங்க. போகும்போது சொல்றேன்."

கட்டில் ஏறியது. பெட்டி ஏறியது. அவள் முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் பக்கம் பார்க்கவில்லை. எதிரே தம்பி கையை அவிழ்த்துவிட்டு, வண்டியின் தாங்கியைக் காலால் தள்ளினான். நான் தெருவைக் கடந்து ஓடினேன். சாவித் துவாரத்திலிருந்து சாவியைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். லாரி கிளம்பியது.

அவன் என்னோடு மல்லுக்கட்டவில்லை. லாரி போகும் திசையைப் பார்த்தான். உதடு லேசாக அசைந்தது. பின்பக்கத்து எண்ணை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறான் என்று தெரிந்தது.

"போதும்டா தம்பி. வீட்டுக்குப் போலாம். உன் கால்ல வேணா விழறேன்."

"சாவியைக் குடுக்கா," என்றான். சின்ன வயதில் பென்சில் கேட்கிற அதே குரல். கையை நீட்டினான். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி, மெல்லச் சிரித்தான். "உனக்கு விருப்பம் இருந்தா."

"இல்லை," என்றேன்.

சரி என்று தலையாட்டினான். நீட்டிய கையை மடக்கி, சட்டைப் பைக்குள் விட்டு, இன்னொரு சாவியை எடுத்தான்.

நான் முன்சக்கரத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் சக்கரத்தைக் கட்டிக்கொண்டேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான். லாரி முனையில் திரும்பியது, சத்தம் தேய்ந்து மறைந்தது. வானொலி சொன்ன அரை மணியில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி வண்டியை முடுக்கவில்லை. இறங்கவும் இல்லை. ஒரு கண்ணாடி பொருந்தும் வரை காத்திருக்கிறவன் மாதிரி, பொறுமையாக என்னைக் குனிந்து பார்த்தான்.

"எவ்வளவு நேரம்க்கா உக்காந்திருப்ப?" என்று கேட்டான்.